அசையாத மூன்று கால்கள்

நுழையும்முன்

ஒளிப்படக் கருவியைப் பற்றியும் அதன் வில்லையைப் பற்றியும் பேசுவோர் பலர். அவற்றைத் தாங்கி நிற்கும் முக்காலியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. எனினும், மங்கிய ஒளியில் எடுக்கப்பெறும் படம் தெளிவாக அமைவதும் கலங்கிப்போவதும் பெரும்பாலும் அம்முக்காலியைப் பொறுத்தவை. உறுதியான முக்காலியையும் அதன் தலைப்பகுதியையும் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

நின்றவை பதிந்தன

1838ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லூயி தாகேர் என்னும் அறிஞர், உயரமான சாளரம் ஒன்றிலிருந்து கீழேயுள்ள தெருவைப் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் ஓயாது செல்லும் தெரு அது. ஆனால், படத்தில் அத்தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளியைப் பதிவுசெய்யப் பல நிமிடங்கள் தேவைப்பட்ட அக்காலத்தில், நகர்ந்து சென்ற எவரும் தகட்டில் பதியவில்லை. தெருவோரத்தில் தம் காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக அசையாது நின்ற ஒருவரும் அவருக்குப் பணிசெய்தவருமே கண்ணுக்குத் தெரிகின்றனர். மனித உருவம் பதிந்த மிகப் பழைய ஒளிப்படங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

இருபது ஆண்டுகள் கழித்து, ஒளிப்படக்கலை தஞ்சைக்கு வந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்தார். கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி வைத்து எடுத்த 21 படங்களை அவர் ஒன்றோடொன்று இணைத்தார். ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படம் உருவாயிற்று. அவர் பயன்படுத்திய தாள் எதிர்ப்படங்களில் ஒளி நெடுநேரம் படவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கருவியை அசையாது நிறுத்தியதனாலேயே கல்லில் வெட்டிய எழுத்துகள் தாளிலும் எழுத்துகளாகவே நின்றன.

இவ்விரு படங்களும் உணர்த்தும் உண்மை ஒன்றே. பதிவாகும் பொருள் நிற்கவேண்டும். பதிவு செய்யும் கருவியும் நிற்கவேண்டும். பொருள் நிற்பது படமெடுப்போரின் கையில் இல்லை. கருவியை நிறுத்துவது அவர்தம் கையிலேயே உள்ளது.

இன்றைய கருவிகள் நண்பகல் வெயிலில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே படமெடுத்துவிடுகின்றன. அங்கு முக்காலிக்குத் தேவை குறைவு. ஆனால், கோயில் திருச்சுற்றின் இருண்ட மண்டபம், விடியலுக்கு முந்தைய கடற்கரை, மின்விளக்கில் மின்னும் நகரம், ஓலைச்சுவடியின் நுண்ணிய எழுத்து ஆகியவற்றைப் படமெடுக்கையில் ஷட்டர் சில நொடிகள் திறந்திருக்க நேர்கிறது. கருவியின் ஒளியுணர்திறனை உயர்த்தி அந்நேரத்தைக் குறைக்கலாம். அதற்கு விலையாகப் படத்தில் புள்ளிகள் மிகுந்து நுட்பம் குன்றும். பளிச்சொளியைப் பயன்படுத்தினால் சிற்பத்தின் மேடுபள்ளங்கள் தட்டையாகத் தோன்றும். பழஞ்சுவர் ஓவியங்கள் உள்ள இடங்களில் அதற்கு இசைவும் கிடைப்பதில்லை. எஞ்சியிருக்கும் நல்வழி, கருவியை உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துவதே ஆகும்.

அசைவின் அளவு

எவ்வளவு சிறிய அசைவு படத்தைக் கெடுக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் பயன்தரும். 200 மி.மீ. குவியத் தூரம் உள்ள வில்லை ஒன்று கருவியில் பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். கருவியின் உணரியில் உள்ள ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு, அதாவது 0.004 மி.மீ. அகலம் கொண்டது எனலாம். இந்நிலையில், 100 மீட்டர் தொலைவில் இருக்கும் பொருளில் 2 மி.மீ. அளவுள்ள பகுதியே ஒரு படப்புள்ளியை நிரப்புகிறது. எனவே, கருவியின் நோக்கு அத்தொலைவில் 2 மி.மீ. விலகினாலும் படத்தின் கூர்மை குறையத் தொடங்கும்.

அவ்விலகலுக்குக் கருவி எவ்வளவு சாயவேண்டும்? 10 செ.மீ. நீளமுள்ள கருவியின் ஒரு முனை ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்கு உயர்ந்தால் போதும். மனிதத் தலைமுடியின் தடிமனில் இஃது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகும். கண்ணுக்குப் புலப்படாத இவ்வசைவைக் காற்றும், கருவியைத் தொடும் விரலும், அருகில் செல்லும் பேருந்தும், கருவிக்குள் இயங்கும் ஷட்டரும் உண்டாக்கவல்லவை.

கையில் பிடித்துப் படமெடுப்போர், குவியத் தூரம் 200 மி.மீ. எனில் ஷட்டர் நேரம் ஒரு நொடியின் 200இல் ஒரு பங்கைவிட மிகாமல் இருக்கவேண்டும் என்னும் பொதுவிதியைப் பின்பற்றுவர். அதிர்வைச் சீராக்கும் நுட்பம் பொருந்திய புதிய கருவிகள் இவ்வெல்லையைப் பெரிதும் தளர்த்தியுள்ளன. ஆயினும், பல நொடிகள் நீளும் படத்துக்கு அந்நுட்பமும் போதுமானதன்று.

மூன்று கால் ஏன்?

வயலோரத்தில் அடுப்புக் கூட்டுவோர் மூன்று கற்களையே வைப்பர். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் அவற்றின்மீது வைத்த பானை ஆடுவதில்லை. நான்கு கால் உள்ள மேசையோ சமமற்ற தரையில் ஆடும். அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்த தாளையோ மரச்சில்லையோ செருக வேண்டியிருக்கும். மூன்று புள்ளிகள் எங்கிருந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் அமைந்துவிடும். நான்காவது புள்ளி அதே தளத்தில் அமையவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இவ்வடிவியல் உண்மையே முக்காலியின் அடிப்படை. நில அளவையாளரின் கோணமானியும் மூன்று கால்களின்மேல் நிற்பது இக்காரணத்தாலேயே.

எனினும், ஆடாமல் நிற்பதும் சாயாமல் நிற்பதும் வேறு வேறு. மூன்று பாதங்களையும் இணைத்தால் தரையில் ஒரு முக்கோணம் கிடைக்கும். கருவியும் முக்காலியும் சேர்ந்த அமைப்பின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறக்கும் செங்குத்துக்கோடு அம்முக்கோணத்துக்குள் விழும்வரை முக்காலி நிற்கும். அதற்கு வெளியே சென்றால் கவிழும். கால்களை அகல விரித்தால் முக்கோணம் பெரிதாகும். ஆதலின், சரிவான நிலத்தில் கால்களின் நீளத்தைத் தனித்தனியே மாற்றியமைத்து நடுப்பகுதியைச் செங்குத்தாக நிறுத்தவேண்டும்.

காலின் தடிமனும் நீளமும்

முக்காலியின் உறுதியை முதலில் முடிவுசெய்வது கால்குழாயின் விட்டமாகும். ஒரே பொருளாலான, ஒரே சுவர்த்தடிமன் உடைய இரு குழாய்களை ஒப்பிட்டால், வளைவதை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 28 மி.மீ. குழாயைவிட 32 மி.மீ. குழாய் நான்கு மில்லிமீட்டரே பெரிது. ஆயினும் அதன் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். முறுக்குவதை எதிர்க்கும் ஆற்றலும் இவ்வாறே கூடுகிறது.

நீளம் இதற்கு நேர்மாறானது. ஒரு குழாயின் நீளம் இருமடங்கானால், அதே விசைக்கு அது வளையும் அளவு எட்டு மடங்காகிறது. மிக உயரமாக நீட்டப்பட்ட மெலிந்த முக்காலி சிறு காற்றுக்கும் நடுங்குவதன் காரணம் இதுவே.

கால்கள் ஒன்றினுள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆனவை. மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு, ஐந்து அடுக்கு எனப் பலவகை உண்டு. அடுக்குகள் கூடக்கூட முக்காலி மடிக்கும்போது குட்டையாகும். பைக்குள் எளிதில் அடங்கும். ஆனால், ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிட மெலிந்தது. மேற்குழாய் 28 மி.மீ. இருக்கும் முக்காலியில் மூன்றாம் அடுக்கு 22 மி.மீ. எனில், ஐந்தாம் அடுக்கு 16 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த ஐந்தாம் அடுக்கின் விறைப்பு மூன்றாம் அடுக்கின் விறைப்பில் பாதிக்கும் குறைவே. எனவே, விளம்பரத்தில் கூறப்படும் மேற்குழாயின் விட்டத்தை மட்டும் காணாமல், தரையைத் தொடும் கடைசிக் குழாயின் விட்டத்தையும் கேட்டறிதல் வேண்டும். காலை நீட்டும்போது தடித்த அடுக்கை முதலில் நீட்டி, மெலிந்த அடுக்கை இறுதியாகப் பயன்படுத்துவதும் இதுபற்றியே.

மரமும் உலோகமும் இழையும்

தொடக்ககால முக்காலிகள் மரத்தால் ஆனவை. ஆஷ் எனப்படும் மரம் அதிர்வை விரைவில் தணிக்கும் இயல்புடையது. ஆகவே, வானோக்குநரும் பெருங்கருவி கொண்டு படமெடுப்போரும் இன்றும் மர முக்காலிகளை விரும்புகின்றனர். எடையும் பருமனும் அவற்றின் குறைகள்.

இன்று பெரிதும் கிடைப்பவை அலுமினியமும் கார்பன் இழையும் ஆகும். அலுமினியம் விலை குறைந்தது. அடிபட்டால் நெளியுமேயன்றிச் சட்டென உடையாது. உப்புக்காற்றில் அதன் மேற்பரப்பு அரிக்கப்படும். உதகை போன்ற மலையூர்களின் பனிக்காலையில் தொட்டால் கை சில்லிடும். கார்பன் இழைக் குழாய் அதே அளவுள்ள அலுமினியக் குழாயைவிட எடை குறைந்தது. அதிர்வையும் விரைந்து தணிக்கிறது. ஆனால், கூர்மையான கல்லில் பலமாக மோதினால் அதில் விரிசல் விழக்கூடும். விலையும் பன்மடங்கு கூடுதல்.

கார்பன் இழை என்னும் பெயரே உறுதிக்குச் சான்றாகாது. மெலிந்த கார்பன் காலைவிடத் தடித்த அலுமினியக் கால் உறுதியாக நிற்பதுண்டு. நெடுந்தொலைவு நடந்து செல்வோருக்குக் கார்பன் இழை செலவுக்கேற்ற பயன் தரும். வீட்டிலும் படமெடுப்புக் கூடத்திலும் பயன்படுத்துவோருக்குத் தடித்த அலுமினிய முக்காலியே போதும். மிஞ்சும் பணத்தை நல்ல தலைப்பகுதிக்குச் செலவிடலாம்.

உயரமும் நடுத்தண்டும்

முக்காலியின் நடுவில் மேலும் கீழும் நகரும் தண்டு ஒன்று பலவற்றில் உண்டு. உயரத்தை விரைவாக மாற்ற அது உதவும். ஆனால், அதனை முழுவதும் உயர்த்தினால் மூன்று காலின்மேல் ஒற்றைக்கால் நிற்பதைப்போல் ஆகிவிடும். மூன்று கால்களால் பெற்ற உறுதியை அவ்வொற்றைத் தண்டு கெடுத்துவிடும். ஆதலின், நடுத்தண்டை உயர்த்தாமலேயே தேவையான உயரம் கிடைக்கும் முக்காலியைத் தேர்வது நன்று.

அவ்வுயரத்தைக் கணக்கிடுவது எளிது. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் கண்மட்டம் ஏறத்தாழ 154 செ.மீ. ஆகும். கருவியின் அடிப்பகுதியிலிருந்து அதன் காண்துளை வரை 10 செ.மீ., முக்காலித் தலையின் உயரம் 10 செ.மீ. எனக் கழித்தால் 134 செ.மீ. எஞ்சும். கால்கள் மட்டும் அவ்வுயரத்தைத் தருமானால், படமெடுப்பவர் குனியாமல் காண இயலும். சரிவான நிலத்துக்காகப் பத்துப் பதினைந்து செ.மீ. கூடுதலாக இருப்பது நலம். திருப்பிக் காணும் திரை உடைய கருவி எனில் இதைவிடக் குட்டையான முக்காலியும் ஏற்றதே. தாழ நிற்கும் முக்காலி உயர நிற்பதைவிட உறுதியானது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். தரையில் பூக்கும் சிறுபூவைப் படமெடுப்போர், கால்கள் எவ்வளவு தாழ விரியும் என்பதையும் நோக்கவேண்டும். நீண்ட நடுத்தண்டு தரையில் முட்டி அதற்குத் தடையாகலாம்.

பூட்டும் பாதமும்

நீட்டிய குழாய்களை நிறுத்துவன பூட்டுகள். நெம்பித் திறக்கும் பூட்டு, திருகித் திறக்கும் பூட்டு என அவை இருவகைப்படும். நெம்புப்பூட்டு மூடியுள்ளதா என்பதைக் கண்ணாலேயே அறியலாம். நாளடைவில் தளர்ந்தால் அதன் திருகாணியை முடுக்கிச் சரிசெய்யலாம். திருகுப்பூட்டு சிக்கின்றி மெல்லியதாக அமையும். மணலும் சேறும் புகுந்தால் கழற்றித் தூய்மை செய்யலாம். இரண்டில் எதுவாயினும் கைக்குப் பழகியிருத்தல் வேண்டும்.

ஒளி எவருக்காகவும் காத்திருப்பதில்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், 1941ஆம் ஆண்டு நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழும் காட்சியைக் கண்டு வண்டியை நிறுத்தினார். கல்லறைச் சிலுவைகள்மீது மாலையின் கடைசி வெயில் படிந்திருந்தது. பெரிய கருவியை விரைந்து முக்காலியில் நிறுத்தி, ஒரு நொடி ஒளிபடுமாறு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாவதற்குள் அவ்வெயில் மறைந்துவிட்டது. உலகப் புகழ்பெற்ற அப்படத்துக்கு எதிர்ப்படம் ஒன்றே உண்டு. இருட்டிலும் கை தடுமாறாமல் விரிக்கத்தக்க முக்காலியின் அருமையை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பாதங்களில் ரப்பர் குமிழ் பொதுவானது. கல்தளத்துக்கும் வீட்டுத்தரைக்கும் ஏற்றது. புல்தரையிலும் மண்ணிலும் கூர்முனை நன்கு ஊன்றும். பழங்கோயில்களின் கற்றளத்தில் கூர்முனையைப் பயன்படுத்தலாகாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் முக்காலி நிறுத்துவதற்கு முன் அனுமதி பெறவேண்டும் என்பதும் அறியத்தக்கது.

தலைப்பகுதியின் வகைகள்

கால்களின்மேல் அமர்ந்து கருவியைத் திருப்பவும் சாய்க்கவும் நிறுத்தவும் உதவுவது தலைப்பகுதி. தரமான முக்காலிகளில் காலும் தலையும் தனித்தனியே விற்கப்படுகின்றன. கால் எவ்வளவு உறுதியாயினும் தலை தளர்ந்திருந்தால் பயனில்லை. எடுக்கும் படத்தின் இயல்புக்கேற்பத் தலையைத் தேர்தல் வேண்டும்.

பந்துத்தலை: உருண்டை ஒன்று கிண்ணத்துள் சுழலும் அமைப்பு இது. ஒரே குமிழைத் தளர்த்தினால் கருவி எத்திசையிலும் திரும்பும்; முடுக்கினால் நிற்கும். விரைவும் எடைக்குறைவும் இதன் சிறப்புகள். பந்து பெரிதாயின் பிடிப்புப் பரப்பும் பெரிதாகும். உராய்வைக் கூட்டவும் குறைக்கவும் தனிக்குமிழ் இருந்தால், பூட்டைத் தளர்த்தியவுடன் கனமான வில்லை சட்டெனக் கவிழ்வது தவிர்க்கப்படும். முடுக்கிய பின் படச்சட்டம் சிறிது கீழிறங்கும் குறை மலிவான பந்துத்தலைகளில் காணப்படும்.

மூவழித்தலை: கிடைத்திசைத் திருப்பம், முன்பின் சாய்வு, பக்கச் சாய்வு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கைப்பிடிகள் உள்ளவை. ஒன்றை மாற்றும்போது மற்றவை மாறா. கட்டடம், ஓவியம், சுவடி ஆகியவற்றை நேராக நிறுத்தி எடுப்போருக்கு இது ஏற்றது. பல்சக்கரங்களால் இயங்கும் தலைகள் இவ்வகையினும் நுட்பமானவை. குமிழைத் திருகத் திருகக் கருவி மிகச் சிறிதளவே நகரும்.

கிம்பல் தலை: நீண்ட வில்லைகளுக்கு உரியது. வில்லையும் கருவியும் தம் ஈர்ப்பு மையத்தில் சமன்செய்யப்பட்டுத் தொங்குவதால், கனமான அமைப்பையும் ஒரு விரலால் திருப்பலாம். வேடந்தாங்கல் போன்ற சரணாலயங்களில் பறக்கும் பறவைகளைப் பின்தொடர்ந்து படமெடுப்போருக்கு இது பெரிதும் உதவும்.

பாய்மத்தலை: உள்ளே உள்ள கெட்டியான நெய்ப்பொருளின் தடையால் திருப்பம் சீராக அமையும். இது காணொலி எடுப்போருக்கு உரியது.

இணைக்கும் தகடு

கருவியை ஒவ்வொரு முறையும் திருகி இணைப்பது நேரத்தை வீணாக்கும். எனவே, கருவியின் அடியில் ஒரு தகட்டை நிலையாகப் பொருத்தித் தலையின் பிடியில் செருகிப் பூட்டுவர். இத்தகடுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். ஆர்க்கா ஸ்விஸ் வகை எனப்படும் சரிவு விளிம்புத் தகடு பல நிறுவனங்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆதலின், பின்னாளில் தலையை மாற்றினாலும் தகடுகள் பெரும்பாலும் வீணாகா.

படத்தை நெடுக்குவாட்டில் எடுக்கப் பந்துத்தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால், கருவி முக்காலியின் நடுவைவிட்டு விலகித் தொங்கும். எல் வடிவத் தகடு பொருத்திய கருவியைக் கழற்றிப் பக்கவாட்டில் செருகலாம். எடை நடுவிலேயே நிற்கும். 70 முதல் 200 மி.மீ. வரை குவியத் தூரம் மாறும் கனமான வில்லைகளுக்கு வில்லையிலேயே ஒரு வளையப்பிடி இருக்கும். தகட்டை அதில் பொருத்தவேண்டுமேயன்றிக் கருவியின் அடியில் பொருத்தலாகாது.

தெரிந்து தெளிவோம்

ஒளிப்படக் கருவிகளின் அடியில் உள்ள திருகுத்துளை பெரும்பாலும் கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 புரிகளும் உடையது. முக்காலியையும் தலையையும் இணைக்கும் பெரிய திருகு எட்டில் மூன்று அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 புரிகளும் உடையது. ஐ.எஸ்.ஓ. 1222 என்னும் பன்னாட்டுத் தரம் இவ்விணைப்பை வரையறுக்கிறது. ஒரு நாட்டின் கருவி மற்றொரு நாட்டின் முக்காலியில் பொருந்துவது இப்பொதுமையாலேயே.

சுமை என்னும் எண்

முக்காலியின் பெட்டியில் அது தாங்கும் எடை குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை அளவுக்கு மீறி நம்பலாகாது. அதனை அளக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மேலும், ஒடியாமல் தாங்குவது வேறு. நடுங்காமல் தாங்குவது வேறு. பத்து கிலோ எடையைச் சுமக்கும் முக்காலி, இரண்டு கிலோ கருவியை வைத்தபோதே காற்றில் நடுங்கக்கூடும். கருவியும் மிகக் கனமான வில்லையும் சேர்ந்து 2.2 கிலோ எனில், அதனைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமைத்திறன் குறிக்கப்பட்ட காலையும் தலையையும் முதற்கட்டமாகத் தெரிவுசெய்து, பின்னர்க் கையால் சோதித்து முடிவுசெய்தல் அறிவுடைமை.

சோதனைக்குத் தனிக்கருவி ஏதும் வேண்டா. கடையில் முக்காலியின் கால்களை முழுவதும் நீட்டிப் பூட்டவேண்டும். மேற்பகுதியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் எந்தக் குழாயும் உள்ளே நழுவலாகாது. அடுத்து, குப்பியின் மூடியைத் திறப்பதுபோல் மேற்பகுதியை மெல்லத் திருகிப் பார்க்கவேண்டும். வில்போல் முறுகி மீளுமாயின் அதன் கால்களோ இணைப்புகளோ மெலிந்தவை. இறுதியாக, கருவியையும் தம்மிடம் உள்ள மிக நீண்ட வில்லையையும் பொருத்தி, திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, காலை விரலால் தட்டவேண்டும். காட்சி எவ்வளவு விரைவில் அமைதியடைகிறதோ அவ்வளவுக்கு அம்முக்காலி நல்லது. தலையின் குமிழை முடுக்கிக் கையை எடுத்தபின் காட்சி கீழிறங்குகிறதா என்பதையும் அப்பொழுதே காணலாம்.

நிறுத்தும் முறை

நல்ல முக்காலியும் தவறாக நிறுத்தினால் பயன்தராது. மூன்று கால்களுள் ஒன்றை வில்லை நோக்கும் திசையில் வைத்தால், முன்னே சாயும் எடையை அது தாங்கும். படமெடுப்பவர் மற்ற இரண்டு கால்களுக்கு இடையில் இடறாமல் நிற்கலாம். கொத்தனார் கையாளும் ரசமட்டத்தைப் போன்ற சிறு குமிழ்மட்டம் பல முக்காலிகளில் உண்டு. அதனைக்கொண்டு மேற்பகுதியைச் சமன்செய்யவேண்டும். காற்று வீசினால் நடுவிலுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிடலாம். பை ஊசலாடினால் அதுவே புதிய அதிர்வுக்குக் காரணமாகும்; ஆகையால் பையின் அடி தரையைச் சிறிது தொடுமாறு அமைத்தல் நலம்.

ஷட்டரை விரலால் அழுத்தும் செயலே ஓர் அதிர்வாகும். எனவே, இரண்டு நொடிகள் கழித்து இயங்கும் நேரக்கட்டுப்பாட்டையோ தொலையியக்கியையோ பயன்படுத்துவர். உள்ளே கண்ணாடி மேலெழும் வகைக் கருவிகளில், கண்ணாடியை முன்னரே உயர்த்தி நிறுத்தும் வசதி இருப்பின் அதனையும் பயன்படுத்தலாம். சில கருவிகளின் அதிர்வுச் சீராக்கம் முக்காலியின்மேல் தானே அசைவை உண்டாக்கும்; அத்தகையவற்றில் அதனை நிறுத்திவிடவேண்டும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் கால்களை நன்னீரால் கழுவி, நன்கு உலர்ந்த பின்னரே மடித்து வைக்கவேண்டும். பூட்டுக்குள் தங்கும் மணலும் உப்பும் நாளடைவில் அதன் பிடிப்பைக் கெடுத்துவிடும்.

எடுத்துச் செல்லும் உறுதி

உறுதி, எடைக்குறைவு, விலைக்குறைவு ஆகிய மூன்றும் ஒரே முக்காலியில் ஒருங்கே அமைவது அரிது. இவற்றுள் எதனை விட்டுக்கொடுப்பது என்பதை அவரவர் பயன்பாடே முடிவுசெய்யவேண்டும். மலையேறுவோர் விலையை விட்டுக்கொடுக்கலாம்; வீட்டில் இருந்தே படமெடுப்போர் எடையை விட்டுக்கொடுக்கலாம். உறுதியை விட்டுக்கொடுத்தால் முக்காலி வாங்கியதன் நோக்கமே தோற்றுவிடும். அதேபோல், சுமக்க இயலாத கனத்தால் வீட்டின் மூலையிலேயே கிடக்கும் முக்காலி, எவ்வளவு உறுதியாயினும் எந்தப் படத்தையும் காப்பதில்லை. மலிவான ஒன்றை வாங்கி, மனநிறைவின்றி மற்றொன்றை வாங்கி, இறுதியில் தக்க ஒன்றை வாங்குவோர் மூன்று விலை கொடுக்கின்றனர். ஒளிப்படக் கருவிகள் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். செவ்வனே பேணிய முக்காலியோ பல கருவிகளுக்குப் பின்னும் நிற்கும்.

சிதையும் சுவரோவியமும், மழையில் கரையும் ஊர்க்கோட்டையும், மங்கிவரும் சுவடியும் மறுமுறை படமெடுக்கக் காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1858ஆம் ஆண்டு தஞ்சையில் எடுத்த அந்நெடும்படத்தின் எழுத்துகளை இன்றும் காண இயல்கிறது. எடுத்தவரின் திறமையோடு, 21 முறை அசையாமல் நின்ற தாங்கியும் அதற்குக் காரணம். படத்தில் அத்தாங்கி எங்கும் தெரிவதில்லை. அதன் உழைப்பு ஒவ்வோர் எழுத்தின் தெளிவிலும் தெரிகிறது.